மலை ஏற எவ்வளவு ரேடியோ வேண்டும்?

போன புரட்டாசியில் கல்வராயன் மலையில் நான் முதுகில் சுமந்து ஏறிய ரேடியோ சாமான்களின் எடை 7.8 கிலோ. கூட எடுத்துப்போன தண்ணீர் ஒன்றரை லிட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நடந்தது பாதி புரிந்துவிடும். மீதியைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. தேர்வு எழுதி, மத்திய அரசிடம் உரிமமும் அழைப்புக்குறியும் வாங்கி, சொந்தக் கருவியில், காசு பார்க்காமல், ஊர் உலகத்தோடு பேசுவதுதான் ஹாம் ரேடியோ. நடுவில் டவர் கிடையாது, சிம் கிடையாது, கம்பெனி கிடையாது. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதியே ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டது. 40 வாட் கருவி. இப்போது நான் மலைக்குக் கொண்டுபோவது அதில் எட்டில் ஒரு பங்கு.

மலையுச்சிக்குக் கருவியைச் சுமந்துபோய் அங்கிருந்து பேசுவது இந்தப் பொழுதுபோக்கின் ஒரு கிளை. 2002 மார்ச்சில் பிரிட்டனில் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்று அதற்கு ஒரு திட்டமே தொடங்கினார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சோட்டா'. இந்திக்காரர்கள் காதில் 'சின்னது' என்று விழும், பொருத்தம்தான். அதன் விதிகள் எளிமையானவை. உச்சிக்குக் கடைசித் தூரம் நடந்துதான் போகணும். வண்டிக்குள் உட்கார்ந்து பேசக் கூடாது. மின்சாரம் பேட்டரி, சோலார் மாதிரி தூக்கிப்போகக்கூடியதாக இருக்கணும், ஜெனரேட்டர் கூடாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று இயக்கணும். நாலு பேரிடமாவது பேசினால்தான் புள்ளி. எனக்குப் புள்ளிக் கணக்கில் ஆசை இல்லை. ஆனால் அந்த 'நாலு பேர்' என்ற அளவுகோல் பிடித்துப்போய், எனக்கு நானே வைத்துக்கொண்டேன்.

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவில் பரந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2700 அடி, பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4000 அடி. ஊட்டி, கொடைக்கானலோடு ஒப்பிட்டால் குட்டிதான். ஆனால் சமவெளியிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கிறது. ரேடியோக்காரனுக்கு அதுதான் முக்கியம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை வரை பஸ்ஸே போகிறது. அதைத் தாண்டி உள்ளே போகப்போக மரவள்ளிக் கொல்லையும் கடுக்காய் மரமும் அதிகமாகும், போனில் சிக்னல் கோடு குறையும்.

நாங்கள் ஏறியது ஒரு மலைக் கிராமத்துக்கு மேலே இருக்கும் பாறைக் குன்று. காப்புக்காடு இல்லை, ஊர்க்காரர்கள் ஆடு ஓட்டிப்போகும் தடம்தான். (காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது.) நானும் மச்சானும், வழி காட்ட அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரும்.

பையில் என்ன இருந்தது என்றால்: 20 வாட் ரேடியோ 1.6 கிலோ. யூ.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றிய 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 2.1 கிலோ. ஆண்டெனா ட்யூனர் அரை கிலோ. 15 மீட்டர் தடித்த கோஆக்சியல் கேபிள் 600 கிராம். மூன்றாக மடங்கும் அலுமினியக் கம்பம் ஒன்றரை கிலோ. செம்புக் கம்பியும் கயிறும் 600 கிராம். மைக், ஹெட்போன், ஸ்பானர், ஆணி, சுத்தி, நோட்டு என்று இன்னொரு 900 கிராம். ஆமாம், சுத்தி. எதற்கு என்று கேட்காதீர்கள்.

கைக்கு அடக்கமான வாக்கி டாக்கி ஒன்றும் வீட்டில் இருந்தது. "பெரிய ரேடியோதான் எடுத்துட்டுப் போறோமே, அது எதுக்கு" என்று அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, அந்த மாசம். பதினோரு மணிக்கு உச்சிக்குப் போய், கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ரேடியோவைப் போட்டபோது மணி 12 தாண்டிவிட்டது. 7 மெகா ஹெர்ட்ஸில் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் நான் சொன்னதில் பாதியை ஊகித்துத்தான் பதில் சொன்னார். தண்ணீர் அப்போதே காலி.

இறங்கும்போது பாதி வழியில் மச்சான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, கால் ரெண்டும் இழுக்குது. நடக்க முடியல." கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. வேர்வை நின்றுபோயிருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, தூரத்தில் இடி. போனில் ஒரு கோடும் இல்லை. முதுகில் எட்டு கிலோ ரேடியோ இருந்தும், அந்தச் சரிவில் அதை விரித்து யாரையும் கூப்பிடுகிற நிலைமை இல்லை. கூப்பிட்டாலும் அந்த நேரத்தில் அதைக் காது கொடுத்துக் கேட்க யாரும் இல்லை. பெரியவர் ஊருக்கு ஓடி, ஒரு தூக்கில் உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் கழித்து மச்சான் எழுந்தான். பேட்டரிப் பையைப் பெரியவர் தோளில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்ளோ கனத்தைத் தூக்கியாந்தியே சார், இதுல அப்படி என்னதான் பேசுன?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்த மூன்று மாசம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: மலையின் உயரம் எந்த அலைக்கு உதவுகிறது?

எல்லா அலைக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 145 மெகா ஹெர்ட்ஸ் மாதிரியான வி.எச்.எஃப். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், அடிவானம் வரைதான் எட்டும். அந்த அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். சமவெளியிலிருந்து 800 மீட்டர் மேலே நின்றால் சுமார் 116 கிலோமீட்டர். எதிரே இருப்பவரின் மொட்டைமாடி ஆண்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவர் பங்குக்கு 13. ஆக 130. கல்வராயனின் கிழக்கு விளிம்பிலிருந்து விழுப்புரம் ரொம்பச் சுலபம், பாண்டிச்சேரி எல்லைக்கோட்டில். அதற்கு வேண்டிய கருவி வெறும் 220 கிராம், 5 வாட் வாக்கி டாக்கி. எதை அலமாரியில் வைத்துவிட்டு வந்தேனோ அதே கருவி.

7 மெகா ஹெர்ட்ஸ் கதை வேறு. ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பியிலிருந்து அந்த அலை பெரும்பாலும் வானத்தைப் பார்த்து நேரே மேலே போகிறது. அயனி மண்டலத்தில் பட்டு, குடை மாதிரி கீழே விரிந்து, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்குகிறது. அதற்கு மலையும் ஒன்றுதான், மலையடிவாரமும் ஒன்றுதான். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பும் அலைக்கு என்னுடைய 800 மீட்டர் ஒரு பொருட்டா? பேச்சை எடுத்துப்போவது உயரம் இல்லை, நேரம்.

இந்த இடத்தில் நம்ம ஊர் பூகோளம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையைக் கடந்து போகிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதனால்தான். பகலில் நம் தலைக்கு மேல் இருக்கும் அயனி மண்டலம் வலுவானது. 7 மெகா ஹெர்ட்ஸை நேரே மேலே அனுப்பினாலும் ஊடுருவிப் போகவிடாமல் திருப்பி அனுப்பும். ஐரோப்பாக்காரர்களுக்குப் பல சமயம் கிடைக்காத வசதி இது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது, டி அடுக்கு. வெயில் ஏற ஏற அது தடித்து, மேலே போகிற அலையையும் கீழே வருகிற அலையையும் ஒத்துக்காகிதம் மை உறிஞ்சுவது மாதிரி உறிஞ்சிவிடும். புரட்டாசி முதல் வாரத்தில் சூரியன் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கிறது. கல்வராயனிலிருந்து பார்த்தால் உச்சிப்பொழுதில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. அதாவது, ஒரு நாளில் 7 மெகா ஹெர்ட்ஸ் மிக மோசமாக இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

விடியலுக்கு முன்னால் போனால் வேறு தொல்லை. ராத்திரியில் மேலடுக்கும் மெலிந்துவிடுவதால் பக்கத்து ஊர்கள் காணாமல்போய் தூரத்து ஊர்கள் மட்டும் கேட்கும். சூரியன் உதித்த அரை மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் இருக்கும் சாளரம்தான் சுகம். சாயங்காலம் இன்னொரு சாளரம் உண்டு. இருட்டில் மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

இப்போது வாட் கணக்கு. 20 வாட்டுக்குப் பதில் 5 வாட் என்றால் கேட்பவரின் மீட்டரில் எவ்வளவு குறையும்? ஒரே ஒரு எஸ் புள்ளி. 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்குமே இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம். காலை எட்டு மணிக்குப் பேசுவதா மதியம் பன்னிரண்டரைக்குப் பேசுவதா என்பது இதைவிடப் பெரிய வித்தியாசம். அலாரம் வைத்து எழுந்திருப்பதற்கு எடை கிடையாது.

எடை இல்லாத இன்னொரு கருவி மோர்ஸ். அதே 5 வாட்டில், குரல் மூழ்கிப்போகும் இரைச்சலிலும் 'டிட் டா' கேட்கும். பத்து மடங்கு சக்தி கூட்டியதற்குச் சமம் என்று தாராளமாகச் சொல்லலாம். நான் எழுதியபோது பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டு சொல் வேகத்தில் மோர்ஸ் தேர்வு இருந்தது. தேறினேன், பிறகு துருப்பிடிக்க விட்டுவிட்டேன். அது என் சோம்பேறித்தனம். மோர்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு உள்ளங்கை அளவில் கருவிகள் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவே வேண்டாம்.

சரி, கடையில் என்ன இருக்கிறது? மலைக்காரர்கள் பல வருஷமாகப் புகழ்வது யேசூ எஃப்.டி.-817, பிறகு வந்த 818. சுமார் ஒரு கிலோ, ஐந்தாறு வாட், குறும்பேண்டிலிருந்து யு.எச்.எஃப். வரை எல்லாம் ஒரே பெட்டியில். இப்போது உற்பத்தி நின்றுவிட்டது, பழையதுதான் கிடைக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அரை ஆம்பியருக்குப் பக்கத்தில் குடிக்கும் என்பது அதன் குறை. ஐகாம் ஐ.சி.-705 பேட்டரியோடு 1.1 கிலோ. சொந்த பேட்டரியில் 5 வாட், வெளியே இருந்து மின்சாரம் கொடுத்தால் 10. திரை கண்ணைப் பறிக்கும், விலை உயிரைப் பறிக்கும். எலெக்ராஃப்ட் கே.எக்ஸ்.2 வெறும் 370 கிராம்தான், 10 வாட். மலைக்கென்றே செய்தது. நண்பர் ஒருவருடையதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மனசே வரல. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் எதற்கும் உரிமம், சுங்கம் என்று தனிப் படலம் உண்டு, அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 140 கிராமில் ட்ரூ எஸ்.டி.ஆர். என்று ஒரு குட்டி இருக்கிறது, ஐந்து பேண்ட், 5 வாட். வலுவான சிக்னல்கள் நடுவில் திணறும், ஆனால் மலையில் தனியாக இருக்கும்போது அது பெரிய குறையா என்ன.

நான் கடைசியில் போனது பிட்எக்ஸ்40-க்கு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வி.யு.2.இ.எஸ்.இ.) வடிவமைத்த பலகை. அவருடைய முதல் பிட்எக்ஸ் வடிவம் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் சாதாரண உதிரிபாகங்களை வைத்துக் கட்டலாம் என்பதற்காகவே செய்தார், உலகம் முழுக்கக் கட்டினார்கள். பிட்எக்ஸ்40 என்பது 7 மெகா ஹெர்ட்ஸுக்கு மட்டும், குரலுக்கு மட்டும். ஒரே பேண்டா என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு: மலையில் நான் பயன்படுத்தப்போகும் குறும்பேண்ட் ஒன்றே ஒன்றுதான் என்று கணக்கே சொல்லிவிட்டதே. பழைய பலகை ஒன்று கைமாறி வந்தது. அதை ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்தேன். உலோகம் என்பதால் கவசத்துக்குக் கவசம், கிளிப் போட்ட மூடி என்பதால் தூசியும் போகாது. மொத்தம் 600 கிராம்.

பேட்டரியில் நான் செய்த தப்பு இன்னும் பெரியது. கணக்கே போடாமல் 'கொஞ்சம் அதிகமாகவே இருக்கட்டும்' என்று எடுத்தது. பிட்எக்ஸ் கேட்கும்போது 0.17 ஆம்பியர் மாதிரி எடுக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு அரை ஆம்பியர்-மணி. பேசும் நேரம் கூட்டினால் அரை மணி, சராசரி 0.6 ஆம்பியர் என்று வைத்தால் 0.3. மொத்தம் 0.8 ஆம்பியர்-மணி. லேப்டாப் பேட்டரியில் இருக்குமே, அந்த 18650 லித்தியம் செல் மூன்றைத் தொடராகக் கோத்தால் 11 வோல்ட்டுக்கு மேல், கிட்டத்தட்ட 3 ஆம்பியர்-மணி. பாதுகாப்புச் சர்க்யூட்டோடு 160 கிராம். தேவையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். 2.1 கிலோ ஈயத்தைச் சுமந்த என் முட்டியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாமல் லித்தியம் செல்லைப் பையில் போடாதீர்கள். பழைய லேப்டாப்பிலிருந்து உரித்த செல் என்றால் மலைக்கு வேண்டவே வேண்டாம்.

ஆண்டெனாவுக்கு வருவோம், அதுதான் உண்மையில் ரேடியோ. அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுங்கள். 7.1-க்கு 20.1 மீட்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து. மெல்லிய ஹூக்-அப் ஒயர் போதும், சுற்றும் அட்டையோடு 150 கிராம். நடுவைத் தூக்கி, இரண்டு முனைகளையும் தாழ்வாகப் புதரில் கட்டினால் கூடாரம் மாதிரி நிற்கும். சரியான நீளத்துக்கு வெட்டி வீட்டிலேயே சரிபார்த்துவிட்டால் ட்யூனர் எதற்கு? அரை கிலோ போச்சு. ஒரு முனையிலேயே மின்னூட்டும் கம்பிகளும் உண்டு, 49-க்கு 1 மின்மாற்றி வைத்து. மரம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது சௌகரியம்.

கம்பம்? மீன் பிடிக்கும் இழுப்புத் தூண்டில் கம்பு, ஃபைபர் கிளாஸில், 6 மீட்டர் 600-700 கிராமில் கிடைக்கிறது. கார்பன் ஃபைபர் இன்னும் லேசு, ஆனால் மின்சாரம் கடத்தும், ஆண்டெனாவைக் கெடுக்கும், வாங்காதீர்கள். மரம் இருக்கும் குன்றென்றால் அதுவும் வேண்டாம். அரை பாட்டில் தண்ணீரில் நைலான் கயிற்றைக் கட்டிக் கிளைக்கு மேல் வீசினால் முடிந்தது. ஒருவர் உண்டிவில் கொண்டுவரலாமே என்று யோசனை சொன்னார். மலையில் உண்டிவில்லோடு திரிந்தால் முயல் அடிக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள், தேவையா?

கேபிளில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒரு கணக்கு. மெல்லிய ஆர்.ஜி.-174 இழப்பு அதிகம் என்று யாரும் தொட மாட்டார்கள். ஆனால் 7 மெகா ஹெர்ட்ஸில் அது 8 மீட்டருக்கு சுமார் 0.7 டெசிபல். நான் சுமந்த தடித்த ஆர்.ஜி.-58, 15 மீட்டருக்கு சுமார் 0.6. கிட்டத்தட்ட ஒன்றே! எடை மட்டும் 600 கிராமுக்குப் பதில் 110. தடிமனைக் குறைக்கப் பயந்த நேரத்தில் நீளத்தைக் குறைத்திருக்கலாம். 145 மெகா ஹெர்ட்ஸில் மட்டும் இந்த மெல்லிய கேபிளை வைத்துக்கொள்ளாதீர்கள், பாதிச் சக்தி கேபிளிலேயே போய்விடும்.

வாக்கி டாக்கியோடு வரும் குட்டை ரப்பர் ஆண்டெனாவையும் மாற்றிவிட்டேன். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து டிவிக்கு இறங்கும் ஒரு தட்டை ஒயர் ஞாபகம் இருக்கிறதா? 300 ஓம் ரிப்பன். அதில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான துண்டில், ஓரிடத்தில் வெட்டி, அடியில் இணைத்து ஜே வடிவ ஆண்டெனா செய்யலாம். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போய்க் கிளையில் தொங்கவிட வேண்டியதுதான். பரணில் தேடியதில் இரண்டு ஆண்டெனாவுக்கான ஒயர் கிடைத்தது. இன்னொரு விஷயம்: மலிவான வாக்கி டாக்கிகள் டவர்கள் மண்டிய மலையுச்சியில் செவிடாகிவிடும். கல்வராயனின் உட்பகுதியில் அந்தப் பிரச்சினை எனக்கு வரல. சிக்னல் இல்லாத ஊரில் இது ஒன்றுதான் லாபம்.

எல்லாம் சேர்த்து, நோட்டுப் பேனா உட்பட, வாக்கி டாக்கி உட்பட, 1.53 கிலோ. குறைந்தது 6.3 கிலோ. அதில் நாலு கிலோவைத் தண்ணீராக மாற்றினேன். இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத எண் இதுதான் என்று மச்சான் சொல்கிறான்.

தை மாசம் மறுபடி போனோம், அதே குன்று. முந்தின நாள் சாயங்காலமே ஊரில் போய்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டோம். போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். அதன் பிறகு இந்த மலை முழுக்க ரெய்டு நடந்தது. மலைவாழ் மக்களின் நிலைமையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்து விசாரித்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு ஒயரும் பேட்டரியும் வைத்த டிபன் பாக்ஸோடு ஒருத்தன் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? உரிமத்தின் நகலும் அடையாள அட்டையும் பையின் மேல் ஜிப்பிலேயே வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். உரிமம் இல்லாமல் வாக்கி டாக்கி வைத்திருப்பதே சட்டப்படி தவறு, இணையத்தில் மலிவாகக் கிடைக்குதேன்னு வாங்கிக்கொண்டு இங்கே வந்து மாட்டிக்காதீங்க. உரிமத்தில் உள்ள முகவரிக்கு வெளியே இயக்குவதற்கான நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தத் தடவை செய்த இன்னொரு ஏற்பாடு எடையில்லாதது. கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு ஹாம் நண்பர், காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிஷம் குறிப்பிட்ட வி.எச்.எஃப். அலைவரிசையில் காது வைத்திருப்பார். இரண்டு மணி நேரம் தொடர்ந்து என் குரல் வரவில்லை என்றால் என் வீட்டுக்கு போன் செய்வார். 2004 டிசம்பர் 26 அன்று போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தை ஹாம் உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஊர் ஊரோடு தொடர்பு அற்றுப்போனபோது அந்தமானிலிருந்து அவர் அனுப்பிய செய்திகள் கரை சேர்ந்ததற்குக் காரணம் அவர் கருவி மட்டும் இல்லை, இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்த காதுகளும்தான். மச்சான் பாறையில் உட்கார்ந்திருந்த அன்று எனக்கு இல்லாமல்போனது அந்தக் காதுதான்.

ஏழேகாலுக்குக் கம்பி ஏறியது. பனி இன்னும் விலகவில்லை, விரல் விறைத்தது. முதல் அழைப்புக்கே கோட்டயத்திலிருந்து ஒருவர். அடுத்து மதுரை, பெங்களூரு, காக்கிநாடா. நாலு பேர் கணக்கு இருபது நிமிஷத்தில் தீர்ந்தது. ஒன்பது மணிக்குள் பதினொரு பேர். கடைசியில் பேசியவர் குரல் மங்கத் தொடங்கியது, டி அடுக்கு வேலைக்கு வந்துவிட்டது. எட்டு மணிக்கு நடுவில் வாக்கி டாக்கியில் கள்ளக்குறிச்சி நண்பர், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. விழுப்புரத்திலிருந்தும் ஒருவர் நுழைந்து வணக்கம் சொன்னார். ஒன்பதேகாலுக்குக் கம்பியை இறக்கிவிட்டோம். வானம் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் உச்சியில் 20 மீட்டர் கம்பியைக் கட்டிக்கொண்டு மதியம் வரை உட்காரும் பழக்கத்தை விட்டாச்சு. இடிச் சத்தம் காதில் விழுந்த பிறகு கழற்றத் தொடங்குவது ரொம்பத் தாமதம்.

பெரியவர் இதையெல்லாம் கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கியில் கள்ளக்குறிச்சி என்ற பேர் வந்ததும் எழுந்து கிட்டே வந்தார்.

"சார், கள்ளக்குறிச்சியா பேசுது?"

"ஆமாங்க ஐயா."

"எம் பேத்தி அங்கதான் ஹாஸ்டல்ல படிக்குது. இதுல அதுகிட்ட ரெண்டு வார்த்த சொல்லிவுட முடியுமா? பொங்கலுக்கு வந்துட்டுப் போனதுலேருந்து பேசல."

சொல்லிவிட முடியாது. ஹாம் உரிமத்தில் மூன்றாவது ஆளுக்காகச் செய்தி கடத்தக் கூடாது, பேரிடர் சமயம் மட்டும் விதிவிலக்கு. அதை அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திணறினேன். அவர் ஊரில் டவர் இல்லை, என் கையில் 60 கிராம் ரிப்பன் ஒயரில் கள்ளக்குறிச்சி கேட்கிறது, பேச மட்டும் கூடாது. "கவருமெண்டு ஒத்துக்காதா?" என்று அவரே கேட்டுவிட்டு, பரவால்ல சார் என்றார்.

வெள்ளிமலைக்கு வருகிற வழியில் ஒரு திருப்பத்தில் சிக்னல் வரும் என்று எங்களோடு பைக்கில் வந்தார். அங்கே இரண்டு கோடு வந்தது. மச்சான் போனில் நம்பர் போட்டுக் கொடுத்தோம். அரை மணி நேரம் ரோட்டோரம் நின்று பேசினார்.

அடுத்த தடவைக்கு டிபன் பாக்ஸில் இன்னும் 100 கிராம் குறைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இயர்போன் மட்டும். பெரியவர்தான் வேண்டாம் என்கிறார், அவருக்குக் கேட்காதாம்.